பாக் விரிகுடாவில் கடற்புல் வெளியை அளந்து பதிவு செய்வது எப்படி?

பாக் விரிகுடாக் கரையில் வயதான மீனவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், கடலடியில் தாழை முன்பு எவ்வளவு தூரத்துக்குப் படர்ந்து கிடந்தது என்பதையும், இப்போது எங்கெல்லாம் வெறும் மணலாகிவிட்டது என்பதையும் இடம் சுட்டிச் சொல்வார்கள். அவர்கள் தாழை என்று சொல்வதைத்தான் உயிரியல் நூல்கள் கடற்புல் என்று எழுதுகின்றன. அவர்களுடைய நினைவு மதிக்கத்தக்கது. ஆனால் ஒரு புல்வெளி பத்து ஆண்டுகளில் எவ்வளவு சுருங்கியது என்று வனத்துறைக்கோ ஆய்விதழுக்கோ எடுத்துச் சொல்ல எண்கள் வேண்டும். அந்த எண்கள் ஒவ்வோர் ஆண்டும் ஒரே இடத்தில், ஒரே முறையில் எடுக்கப்பட்டவையாகவும் இருக்க வேண்டும். நான்கு மாணவர்களும் ஒரு வள்ளமும் எளிய கருவிகளும் இருந்தால் அத்தகைய பதிவைத் தொடங்கிவிடலாம். இங்கே விளக்கும் முறை, 1998இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் தொடங்கிய சீகிராஸ்-வாட்ச் என்னும் திட்டத்தின் அடிப்படையை எடுத்து, நம் கடலுக்கு ஏற்பச் சற்று மாற்றியது. அங்கே ஓதம் வற்றும்போது புல்வெளி வெளியே தெரியும். ஆய்வாளர்கள் நடந்தே அளப்பார்கள். பாக் விரிகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால், இடுப்பளவு நீரில் நின்றோ மிதந்தோதான் இந்த வேலையைச் செய்ய வேண்டியிருக்கும்.

கடற்புல்லும் கடற்பாசியும் ஒன்றல்ல என்பதில் தெளிவு வேண்டும், ஏனெனில் புதியவர்களின் பதிவுகளில் மிகுதியாகக் காணப்படும் குழப்பம் இதுதான். கடற்புல் பூத்துக் காய்க்கும் தாவரம். அதற்கு மண்ணுக்குள் ஓடும் கிழங்குத்தண்டும் வேரும் இலை நரம்பும் உண்டு. பாசிக்கு இவை எவையும் இல்லை. பாறையையோ சிப்பியையோ பற்றிக்கொள்ளும் ஒரு பிடிப்பு மட்டுமே இருக்கும். ஐயம் வந்தால் அடிப்பகுதியில் மணலை விரலால் மெல்ல விலக்கிப் பாருங்கள். கணுக்களோடு கிடையாக ஓடும் தண்டு தெரிந்தால் அது கடற்புல். பார்த்த பின் மணலை மூடிவிடுங்கள்.

அனுமதியும் பருவமும்

இடத்தைத் தேர்வதற்கு முன் அந்த இடம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று அறிய வேண்டும். மன்னார் வளைகுடாவின் தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே வனத்துறையின் எழுத்துபூர்வமான அனுமதியின்றிக் கால் வைக்கவோ ஓர் இலையை எடுக்கவோ கூடாது. பாக் விரிகுடாவின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடல், 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே கடற்பசுவுக்கென அமைந்த முதல் காப்பகம் அது. கடற்பசு, கடல்குதிரை, கடல் அட்டை ஆகிய மூன்றும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை என்பதால், அவற்றைக் கையில் எடுத்துப் படம் பிடிப்பதும் சிக்கலில் கொண்டுபோய் விடும். எந்தப் பகுதியாக இருந்தாலும் வனத்துறையின் மாவட்ட அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதுவதும், கடலோரக் காவல் குழுமத்துக்கும் ஊர் மீனவர் சங்கத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்லது. சர்வதேசக் கடல் எல்லை அருகில் இருக்கும் கடலில், அடையாளம் தெரியாத நால்வர் கருவிகளோடு நீரில் இறங்குவதைப் பார்ப்பவர்கள் ஐயப்படத்தான் செய்வார்கள். டிரோனுக்குத் தனி அனுமதி வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அந்த ஆசையை ஒதுக்கி வைப்பதே சரி.

வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வாடைக்காற்று பாக் விரிகுடாவைக் கலக்கிவிடும். நீரில் கை நீட்டினால் விரல் தெரியாது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான காலம் மிகவும் ஏற்றது. தென்மேற்குப் பருவத்தில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும்போதும் பாக் விரிகுடாவின் மேற்குக் கரையோரம் ஒப்பீட்டளவில் அடங்கியே இருப்பதால், இரண்டாவது அளவீட்டை ஜூலை, ஆகஸ்டில் வைத்துக்கொள்ளலாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகு மீன்பிடித் தடை நடைமுறையில் இருக்கும். தடைக்கு முன் எடுத்த அளவையும் தடைக்காலத்தில் எடுத்த அளவையும் ஒப்பிட்டு ஆண்டு மாற்றம் என்று எழுதிவிடக் கூடாது. எந்த மாதத்தைத் தேர்ந்தாலும் பின்னர் அதை மாற்றாதீர்கள். கடற்புல்லின் இலை நீளமும் அடர்த்தியும் பருவத்தோடு ஏறி இறங்குபவை.

நாளைத் தேர்வதற்கு, அருகிலுள்ள துறைமுகத்தின் ஓத அட்டவணையையும், ஹைதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் வெளியிடும் காற்று, அலை முன்னறிவிப்பையும் பார்க்க வேண்டும். காலை ஏழு மணிக்கு நீரில் இறங்கிப் பதினொன்றுக்கு முன் ஏறிவிடுவது வழக்கமாக இருக்கட்டும்; அதன் பின் கடற்காற்று எழுந்து நீர்ப்பரப்பு நெளியத் தொடங்கினால் அடித்தளம் கண்ணுக்குப் பிடிபடாது.

கருவிகள்

அடிப்படைக் கருவி அரை மீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டம். இரண்டு மீட்டர் பி.வி.சி. குழாயை நான்காக வெட்டி, நான்கு எல்போக்களால் இணைத்தால் சட்டம் தயார். உட்பக்க அளவு சரியாக 50 சென்டிமீட்டர் வருமாறு எல்போவின் தடிமனைக் கழித்து வெட்ட வேண்டும். குழாயில் ஆங்காங்கே துளையிட்டால்தான் நீர் உள்ளே புகுந்து சட்டம் அமிழும். துளையிட மறந்து, மிதக்கும் சட்டத்தைக் காலால் மிதித்துக்கொண்டே ஒரு காலைப் பொழுதைக் கழித்த அனுபவம் எனக்கு உண்டு. பத்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக நைலான் நூல் கட்டினால் 25 சிறு கட்டங்கள் கிடைக்கும்; ஒவ்வொரு கட்டமும் நான்கு விழுக்காடு. இதைத் தவிர 50 மீட்டர் ஃபைபர் டேப் மூன்று, ஜி.பி.எஸ். கருவி, திசைகாட்டி, 30 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் அளவுகோல், முகக்கண்ணாடியும் ஸ்நார்க்கலும், வெப்பமானி, உப்பளவை ஒளிவிலகலால் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர், நீருக்கடியில் இயங்கும் கேமரா ஆகியவை போதும். எழுதுவதற்கு வெள்ளை பிளாஸ்டிக் தகட்டை உப்புத்தாளால் தேய்த்துப் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம்.

காலில் தடித்த அடிப்பாகமுள்ள காலணி வேண்டும். நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நகர்த்தினால், மணலுக்குள் பதுங்கியிருக்கும் திருக்கை அதிர்வை உணர்ந்து விலகிவிடும். முள் குத்திவிட்டால், தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் காயத்தை அமிழ்த்தி வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதற்காக வள்ளத்தில் ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் எப்போதும் இருக்கட்டும். சொறி (ஜெல்லி மீன்) மிகுந்த நாளில் இறங்கவே வேண்டாம்.

கோடு போடுதல்

தேர்ந்தெடுத்த இடத்தில் 50 மீட்டர் நீளமுள்ள மூன்று கோடுகளை, ஒன்றுக்கொன்று 25 மீட்டர் இடைவெளியில், கரைக்குச் செங்குத்தாக, ஒன்றுக்கொன்று இணையாக அமைக்க வேண்டும். ஒவ்வொரு கோட்டிலும் 0, 5, 10 என்று 50 மீட்டர் வரை பதினொரு சட்டங்கள். ஆக ஓரிடத்துக்கு 33. சட்டத்தை எப்போதும் டேப்பின் ஒரே பக்கத்தில், வலப்பக்கம் என்று முடிவு செய்தால் எந்நாளும் வலப்பக்கத்திலேயே, வைக்க வேண்டும். டேப்பை இழுத்துச் செல்பவரும் சட்டம் வைப்பவரும் அந்தப் பக்கத்தில் நடக்கவே கூடாது. உங்கள் காலடிச் சேறு எழுந்துவிட்டால் கேமராவும் கண்ணும் பயனற்றுப் போகும். இடத்தைத் தேரும்போது புல் அடர்ந்த பகுதியாகப் பார்த்துக் கோடு போடும் ஆசை யாருக்கும் வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுத்தால் அடுத்த ஆண்டு அளவு குறையும் வாய்ப்பே மிகுதி. உச்சத்தில் தொடங்கியது கீழேதான் வரும். எனவே முதல் கோட்டின் தொடக்கப் புள்ளியை வரைபடத்தில் கட்டம் போட்டுச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுங்கள்.

தொடக்கப் புள்ளி, முடிவுப் புள்ளி இரண்டையும் ஜி.பி.எஸ்.ஸில் ஐந்து தசம இடங்கள் வரை குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்தாவது தசம இடம் ஏறத்தாழ 1.1 மீட்டரைக் குறிக்கும். ஆனால் கைப்பேசியின் ஜி.பி.எஸ். சாதாரணமாகவே ஐந்து மீட்டர் வரை பிசகக்கூடியது என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. மீனவர்கள் காலங்காலமாகச் செய்வதுபோலக் கரையிலுள்ள இரண்டு நிலையான பொருள்களை, ஒரு கோயில் கோபுரத்தையும் அதன் பின்னால் தெரியும் தண்ணீர்த் தொட்டியையும், ஒரே நேர்கோட்டில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வேறு திசையில் இன்னோர் இணையையும் குறித்தால் இரண்டு கோடுகள் வெட்டும் இடமே உங்கள் புள்ளி. பனைமரத்தை அடையாளமாக வைக்காதீர்கள், புயலில் விழுந்துவிடும். 2018 நவம்பரில் வந்த கஜா புயலுக்குப் பிறகு இந்தக் கரையில் எத்தனை மரங்கள் மிஞ்சின என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். கடலடியில் இரும்புக் கம்பி நடுவதையும் நான் பரிந்துரைப்பதில்லை. அது வலையைக் கிழித்தால், அடுத்த ஆண்டு உங்களுக்கு வள்ளம் கிடைக்காது.

சட்டத்துக்குள் பார்ப்பவை

சட்டம் வைத்ததும் எதையும் தொடாமல் நேர்மேலிருந்து ஒரு படம் எடுக்க வேண்டும். இடம், கோடு, மீட்டர் மூன்றையும் எழுதிய சிறு அட்டை படத்தின் ஓரத்தில் தெரியட்டும். அதன் பிறகே அளவீடு.

முதலில் மொத்தக் கடற்புல் பரப்பு. மேலிருந்து பார்க்கையில் சட்டத்துக்குள் எத்தனை விழுக்காட்டை இலைகள் மூடியிருக்கின்றன என்று இருவர் தனித்தனியே மதிப்பிட்டு, ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்காமல் எழுதிக்கொண்டு, பின்னர் ஒப்பிட வேண்டும். வேறுபாடு பத்துக்கு மேல் இருந்தால் இருவரும் மீண்டும் பார்க்க வேண்டும். பத்துக்குள் இருந்தால் சராசரி எடுத்துக்கொள்ளலாம். கண்மதிப்பீடு என்பதால் இதை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. முன்பே பரப்பைத் துல்லியமாக அளந்து வைத்த பத்துப் பதினைந்து மாதிரிப் படங்களைக் காட்டி, ஒவ்வொரு பருவத்தின் முதல் நாள் காலையிலும் பயிற்சி செய்தால் கண் ஓரளவு சீராகிவிடும். நீரோட்டம் இலைகளைச் சாய்த்துவிடும்போது பரப்பு மிகையாகத் தெரியும். அப்படிப்பட்ட நாளில் நீரோட்டத்தின் வேகத்தையும் குறிப்பில் எழுதுங்கள்.

அடுத்தது, அந்தப் பரப்பில் எந்த இனம் எவ்வளவு என்பது. பாக் விரிகுடாவில் பழகிக்கொள்ள வேண்டிய இனங்கள் அதிகமில்லை. இலை நுனியைக் கூர்ந்து பார்ப்பவருக்குப் பெரும்பாலான ஐயங்கள் தீர்ந்துவிடும். ஹாலோஃபிலா ஓவாலிஸ் சிறு முட்டை வடிவ இலைகளை இரட்டையாகக் கொண்டது. இலையில் குறுக்கு நரம்புகள் தெளிவாகத் தெரியும். சிரிங்கோடியம் ஐசோட்டிஃபோலியத்தின் இலை தட்டையாக இல்லாமல் நூல்போல் உருண்டிருக்கும். எனாலஸ் அகோராய்டிஸ் வார்போல் நீண்டு ஒரு மீட்டரையும் தாண்டக்கூடியது. அதன் கிழங்குத்தண்டைச் சுற்றிலும் கருநிற மயிர்கள் அடர்ந்திருக்கும். சைமோடோசியா இனங்கள் இரண்டும்தான் புதியவர்களைக் குழப்புபவை: செருலாட்டாவின் நுனி ரம்பப் பல்போல் இருக்கும், ரொட்டுண்டாட்டாவின் நுனி வழவழப்பாக வளைந்திருக்கும். தலாசியா ஹெம்ப்ரிச்சியின் தண்டு தடித்து, நெருக்கமான வளையத் தழும்புகளோடு காணப்படும். இலை அரிவாள்போல் லேசாக வளைந்திருக்கும். மெல்லிய இலையின் நுனியில் மூன்று முனைகள் தெரிந்தால் அது ஹாலோடூல் யூனிநெர்விஸ்.

இவற்றைப் பழக மிகச் சிறந்த இடம் கடலுக்குள் இல்லை, கரையில் இருக்கிறது. வாடைக்காலத்தில் அலை ஒதுக்கிப் போட்ட தாழைக் குவியலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தேடினால் பல இனங்களைக் கையில் வைத்தே ஒப்பிடலாம். அப்போது அந்த ஊர் மீனவர் ஒவ்வொன்றையும் எந்தப் பெயரால் அழைக்கிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெயர்கள் ஊருக்கு ஊர் மாறுபவை, அவையும் தரவுதான்.

இலை உயரத்துக்குச் சட்டத்துக்குள் மூன்று முதல் ஐந்து இலைகளை மணலிலிருந்து நுனிவரை நிமிர்த்தி அளக்க வேண்டும். மிக நீண்ட ஐந்தில் ஒரு பங்கு இலைகளை விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் ஓரிரு நெட்டை இலைகள் சராசரியைத் தூக்கிவிடும். பின்னர் பாசியின் பரப்பு, இலைமேல் ஒட்டி வளரும் உயிரிகளின் அளவு, விரலால் தேய்த்தறிந்த மண்ணின் தன்மை (சேறு, நுண்மணல், பருமணல், சிப்பித்தூள்) ஆகியவற்றை எழுத வேண்டும். வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாஃபைகஸ் என்னும் தடித்த கடற்பாசி எங்காவது பிடித்து வளர்ந்திருந்தால் அதைத் தனியாகக் குறித்துப் படமெடுக்க வேண்டும். குருசடைத் தீவருகே பவளங்களின் மேல் அது பரவியது ஏற்கெனவே பதிவானது.

புல்வெளியின் நடுவே நீண்டு வளைந்து செல்லும் வெற்றுப் பாதை ஒன்றைக் கண்டால் நின்று பாருங்கள். கடற்பசு மேயும்போது இலையோடு கிழங்குத்தண்டையும் பிடுங்கித் தின்னும். அதனால் அதன் தடம் ஏறத்தாழ சீரான அகலத்தில் வெறும் மணலாகத் தெரியும். பச்சை ஆமை பெரும்பாலும் இலையை மட்டும் கடித்து எடுக்கும். தண்டு அப்படியே இருக்கும். இழுவை மடியின் தடமோ நேராக, கலப்பை ஓடியதுபோல் நீண்டிருக்கும். மூன்றையும் பிரித்து எழுதத் தெரிந்திருந்தால், உங்கள் பதிவு கடற்பசுவைத் தேடுபவர்களுக்கும் பயன்படும்.

ஒரு சட்டத்தில் ஏதும் இல்லையென்றால் 0 என்று எழுத வேண்டும். கட்டத்தை வெறுமையாக விடக் கூடாது. வெறுமை என்றால் பார்க்கவில்லை என்று பொருள்.

ஒளி எட்டும் ஆழம்

கடற்புல் வாழ நீர்மட்டத்தில் விழும் ஒளியில் சராசரியாக 11 விழுக்காடாவது இலையை எட்ட வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. இதை அறிய விலையுயர்ந்த ஒளிமானி தேவையில்லை. இத்தாலியரான ஆஞ்செலோ சேக்கி 1865இல் பயன்படுத்திய வட்டத் தட்டு போதும். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி, வள்ளத்தின் நிழல் விழும் பக்கத்தில் இறக்கி, கண்ணிலிருந்து மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கையில் மீண்டும் தெரியும் ஆழத்தையும் குறித்துச் சராசரி எடுக்க வேண்டும். ஒளி குன்றும் வீதம் தோராயமாக 1.7ஐ இந்த ஆழத்தால் வகுத்தால் கிடைக்கும். அதிலிருந்து கணக்கிட்டால், 11 விழுக்காடு ஒளி எட்டும் ஆழம் தட்டு மறையும் ஆழத்தைப்போல் 1.3 மடங்கு. தட்டு 1.5 மீட்டரில் மறைந்தால் ஏறத்தாழ இரண்டு மீட்டர் ஆழம் வரைதான் புல்லுக்கு இடம் உண்டு என்று கொள்ளலாம். கலங்கிய நீரில் 1.7 என்பது சற்று மாறும். அளவுக் கோட்டில் தரையே தெரியும் ஆழத்தில்தான் நீங்கள் நிற்பீர்கள் என்பதால், தட்டை அதற்கு அப்பால் ஆழமான நீரில் இறக்க வேண்டியிருக்கும்.

கணக்கில் கவனிக்க வேண்டியது

மாணவர் அறிக்கைகளில் நான் மீண்டும் மீண்டும் திருத்துவது இந்தப் பகுதியைத்தான். ஓரிடத்தில் 33 சட்டங்கள் வைத்ததால் 33 தனித்தனி மாதிரிகள் கிடைத்துவிட்டன என்று எண்ணி, அதற்கேற்பப் பிழையெல்லையைக் கணக்கிடுகிறார்கள். ஒரே கோட்டில் ஐந்து மீட்டர் இடைவெளியில் இருக்கும் சட்டங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பவை. உண்மையில் உங்களிடம் இருப்பவை மூன்று கோடுகள், ஆகவே மூன்று மாதிரிகள்.

எடுத்துக்காட்டாக, முதல் ஆண்டில் மூன்று கோடுகளின் சராசரிப் பரப்பு 42, 35, 28 விழுக்காடு என்று கொள்வோம். சராசரி 35. அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் திட்ட விலக்கம் 7. அதை மாதிரி எண்ணிக்கையான மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைக்கும் திட்டப் பிழை 4. மூன்று மாதிரிகளுக்குரிய 4.3 என்னும் பெருக்கெண்ணால் பெருக்கினால், 95 விழுக்காட்டு எல்லை 35க்கு இருபுறமும் ஏறத்தாழ 17. அதாவது 18 முதல் 52 வரை. அடுத்த ஆண்டு கிடைத்த அளவுகள் 36, 30, 22 என்றால் சராசரி 29. இரண்டு சராசரிகளை மட்டும் ஒப்பிட்டால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கோடுகள் அதே இடத்தில் போடப்பட்டவை என்றால், கோட்டுக்குக் கோடு வேறுபாட்டை எடுக்கலாம்: 6, 5, 6. அவற்றின் சராசரி 5.7, எல்லை 4.2 முதல் 7.1 வரை. இப்போது புல் குறைந்திருக்கிறது என்று துணிந்து எழுதலாம். அசல் தரவு இவ்வளவு நேர்த்தியாக அமையாது; என்றாலும் கோபுரத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்த்துக் குறித்த அரைமணி நேர உழைப்பு எதற்காக என்பது இந்தக் கணக்கில் விளங்கும். இப்படிக் கிடைத்த முடிவு அந்த ஓர் இடத்துக்கு மட்டுமே பொருந்தும். விரிகுடா முழுவதையும் பற்றிப் பேச வேண்டுமானால், தொண்டி, தேவிபட்டினம், மண்டபம் என்று பல இடங்களில் இதே முறையைத் தொடங்க வேண்டும். ஒரே இடத்தில் சட்டங்களை அறுபதாக்குவதால் அந்தத் தகுதி வந்துவிடாது.

கரை ஏறிய பின்னும், அடுத்த ஆண்டும்

அன்றே, உப்புக் காயும் முன்பே, டேப், சட்டம், ரிஃப்ராக்டோமீட்டர் எல்லாவற்றையும் நன்னீரில் அலசுங்கள். தகட்டில் எழுதியதைப் படமெடுத்த பிறகே அழிக்க வேண்டும். கணினியில் ஒரு வரிக்கு ஒரு சட்டம் என்ற முறையில், இடம், தேதி, நேரம், கோடு, மீட்டர், மதிப்பிட்டவர் இருவரின் பெயர்ச் சுருக்கம், இருவரின் தனி மதிப்பீடுகள் ஆகியவற்றை உள்ளிடுங்கள். சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு தனி மதிப்பீடுகளைத் தூக்கி எறிந்தால், யாருடைய கண் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பின்னர் கண்டுபிடிக்கவே முடியாது. மாணவர்கள் படிப்பு முடிந்து போய்விடுவார்கள். புதியவர்கள் வரும் ஆண்டில் பழைய குழுவிலிருந்து ஒருவராவது சேர்ந்து இறங்கி, இருவரும் ஒரே சட்டங்களை மதிப்பிட்டு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

மறு ஆண்டு அதே வாரத்தில் போகும்போது, முதலில் பழைய படங்களை அச்செடுத்து வள்ளத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கரை அடையாளங்களைச் சேர்த்துப் பார்த்துப் புள்ளியைக் கண்டபின் ஜி.பி.எஸ்.ஸால் சரிபாருங்கள். அங்கே புல் அழிந்து வெறும் மணலாக இருந்தால், கோட்டைப் பக்கத்திலுள்ள பச்சைக்கு நகர்த்தாமல் அதே மூன்று டேப்புகளையும் விரித்து, 33 சட்டங்களையும் வைத்து, ஒவ்வொன்றையும் படமெடுத்து, ஒவ்வொன்றுக்கும் 0 என்று எழுதிவிட்டு வாருங்கள்.